கோடை விடுமுறை: பிள்ளைகளின் உடலும் அமானிதமே

 

    

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் மாதம் திறக்கும்வரை பிள்ளைகள் நம் வீட்டில்தான். ஒவ்வொரு வருடமும் இந்த ஜும்ஆவில் கோடைக்கால மக்தபைப் பற்றிப் பேசுவேன். குர்ஆன் ஓதுவது, துஆக்களை மனனம் செய்வது, தொழுகையைப் பேணுவது என்று சொல்வேன். அவையெல்லாம் இந்த வருடமும் உண்டு. ஆனால் இன்று பிள்ளைகளின் உடலைப் பற்றிப் பேச வேண்டும் என்று மனம் சொல்கிறது. அதற்குக் காரணம் ஒரு ஜனாஸா.

ஜனாஸா தந்த பாடம்

சில நாட்களுக்கு முன் நம் மஹல்லாவில் வயது முதிர்ந்த பெரியவர் ஒருவர் வஃபாத்தானார்கள். அஸருக்குப் பின் ஜனாஸா தொழுகை. பள்ளிவாசலிலிருந்து மையவாடி ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. விடுமுறை என்பதால் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. "வாங்க தம்பி, சந்தூக்குக்குத் தோள் கொடுங்க" என்று நானே அவர்களை முன்னால் அழைத்தேன்.

ஆசையோடு வந்தார்கள். தெருமுனை திரும்புவதற்குள் இரண்டு பேர் தோள் மாற்றிவிட்டார்கள். இன்னொரு பிள்ளைக்கு மூச்சு வாங்கி, முகமெல்லாம் வியர்த்து, ஓரமாகப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அறுபது வயதைத் தாண்டிய நம் பாய் ஒருவர், வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிப் பிழைத்தவர், பேசாமல் அந்த இடத்தில் நுழைந்து தோள் கொடுத்தார். மையவாடி வரைக்கும் அவர் தோளை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, ஓரமாக நின்ற அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்தான். "அத்தா, எனக்கு ஆசைதான். முடியலை" என்றான். ஆம், சகோதரர்களே. அவன் என் மகன்தான். பதினைந்து வயது. நோய் எதுவும் கிடையாது. விடுமுறை விட்டதிலிருந்து அவன் வீட்டை விட்டு வெளியே நடந்தது பள்ளிவாசலுக்கு மட்டும்தான். அதிலும் பாதி நாள் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

ஜனாஸா தொழுகையில் கலந்துகொள்பவருக்கு ஒரு கீராத், அடக்கம் முடியும்வரை இருப்பவருக்கு இரண்டு கீராத் நன்மை உண்டென்றும், அவை இரண்டு பெரும் மலைகளுக்கு ஒப்பானவை என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). ஜனாஸாவைச் சுமந்து விரைந்து செல்லவும் நமக்குக் கட்டளை இருக்கிறது. விரைந்து நடக்கக் காலும், சுமக்கத் தோளும் வேண்டாமா? நாளைக்கு என் சந்தூக்கை யார் தூக்குவார்கள்? உங்கள் சந்தூக்கை யார் தூக்குவார்கள்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த உடல் நம்முடையதல்ல

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இளம் ஸஹாபி. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அழைத்துக் கண்டித்தார்கள். நோன்பு வை, விட்டும் விடு. தொழு, தூங்கவும் செய். உன் உடலுக்கு உன்மீது ஹக் இருக்கிறது, உன் கண்ணுக்கும் ஹக் இருக்கிறது என்ற கருத்தில் புத்தி சொன்னார்கள் (புகாரி).

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த வாலிபர் உடலின் ஹக்கை எதற்காக எடுத்தார்? அல்லாஹ்வின் இபாதத்துக்காக. அதற்கே அனுமதி கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் உடலின் ஹக்கை எதற்காக எடுக்கிறார்கள்? இரவு இரண்டு மணிவரை ரீல்ஸ் தள்ளுவதற்காக. பகல் முழுக்கப் படுத்துக்கொண்டே கேம் விளையாடுவதற்காக. இபாதத்துக்கே விட்டுக்கொடுக்கப்படாத ஹக்கை செல்போனுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா?

இன்னொரு ஹதீஸ் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நிஃமத்துகள் விஷயத்தில் மனிதர்களில் அதிகமானோர் ஏமாந்துபோகிறார்கள் என்றும், அவை ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது (புகாரி). அதில் வரும் 'மக்பூன்' என்ற சொல் வியாபாரச் சொல். பொருளை அதன் விலையைவிடக் கூடுதல் கொடுத்து வாங்கியவன், அல்லது அடிமாட்டு விலைக்கு விற்றவன். நமக்கு ஆரோக்கியம் இருக்கும்போது நேரம் இருக்காது. நேரம் வரும்போது முட்டி வலி வந்துவிடும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கிடைப்பது யாருக்கு? விடுமுறையில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு. ஆகவே பெரிய நஷ்டமும் அவனுக்குத்தான்.

பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர், அல்லாஹ்வுக்கு அதிகம் பிரியமானவர், ஆயினும் இருவரிடமும் நன்மை இருக்கிறது என்ற பொருளில் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. உலமாக்கள் இதில் ஈமானின் பலத்தையும் மன உறுதியையும் முதலில் சொல்வார்கள். ஆனால் அந்த உறுதி வெளிப்படுவது இந்த உடலின் வழியாகத்தானே?

இதை வைத்து யாரும் ஒல்லியான பிள்ளையையும் குண்டான பிள்ளையையும் கேலி செய்துவிடாதீர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கால்கள் மிக மெலிந்தவை. அதைப் பார்த்துச் சிலர் சிரித்தபோது, அந்தக் கால்கள் மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள் (அஹ்மத்). அல்லாஹ் பார்ப்பது உடலின் அளவை அல்ல. தந்த உடலை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைத்தான்.

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு வரை 146 நாடுகளில் திரட்டிய விவரங்களை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85.

நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் மட்டும் 10 கோடிக்கும் மேல் என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எலும்பு பலப்படுவதும் தசை வளர்வதும் பெரும்பகுதி இந்த வாலிப வயதில்தான். இந்த வயதில் சேர்க்காததை ஐம்பது வயதில் மருந்துக்கடையில் வாங்க முடியாது.

பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் ஒரு பை சுமக்கிறான், படி ஏறுகிறான், இடைவேளையில் கொஞ்சம் ஓடுகிறான். விடுமுறையில் அதுவும் போய்விடுகிறது. கட்டிலிலிருந்து சோபா, சோபாவிலிருந்து சாப்பாட்டுத் தட்டு. நடுராத்திரியில் பரோட்டா. ஆதமின் மகன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிட மோசமானது இல்லை என்றும், மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் நபி (ஸல்) அவர்கள் அளவு கற்றுத் தந்தார்கள் (திர்மிதி). மூச்சுக்கு இடம் விடாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு சந்தூக்கின் கீழே மூச்சு வாங்கினால் என்ன செய்வது?

மதீனாவின் வாலிபர்கள்

ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றிரவு சொல்லிக் கொடுங்கள். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்களைக் கொள்ளையர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஸலமா (ரலி) ஒரு மேட்டில் ஏறி மதீனாவை நோக்கிக் குரல் கொடுத்துவிட்டு, உதவிக்குக் காத்திருக்காமல், குதிரையில் போகிறவர்களைக் கால்நடையாகவே துரத்தினார்கள். ஓடுவதும் அம்பு எய்வதுமாகப் போய் ஒட்டகங்களை மீட்டார்கள். அன்றைய காலாட்படையில் சிறந்தவர் ஸலமாதான் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டி, தங்கள் ஒட்டகத்தில் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் ஓட்டத்தில் யாராலும் வெல்ல முடியாத அன்ஸாரி ஒருவர், மதீனா வரை என்னோடு ஓட யார் வருகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார். ஸலமா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி கேட்டு ஒட்டகத்திலிருந்து குதித்தார்கள். முதலில் மூச்சை மிச்சப்படுத்தி மெதுவாக ஓடி, பிறகு வேகம் பிடித்து, அவரை எட்டி முதுகில் ஒரு தட்டுத் தட்டி, மதீனாவுக்கு முந்திப் போய்ச் சேர்ந்தார்கள் (முஸ்லிம்). பாருங்கள், நபி (ஸல்) அவர்கள் இந்த ஓட்டத்தை வீண் வேலை என்று தடுக்கவில்லை. அனுமதி கொடுத்தார்கள்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுக்கு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. பதினைந்து வயதில் அகழ்ப்போரில் ஏற்றுக்கொண்டார்கள் (புகாரி). என் மகனின் வயது. அந்த அகழில் நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். வயிற்றின் மீது புழுதி படிந்திருந்ததைப் பராஃ (ரலி) அவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்திலும் இதே இப்னு உமர் (ரலி) கலந்துகொண்டிருக்கிறார்கள்.

உம்ராவுக்குப் போனவர்கள் தவாஃபின் முதல் மூன்று சுற்றில் ஆண்கள் தோளை அசைத்து விரைந்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரமல் என்கிறோம். அது எப்படி வந்தது? ஹிஜ்ரி 7இல் நபி (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களும் உம்ராவுக்கு வந்தபோது, மதீனாவின் காய்ச்சல் இவர்களை நலித்துவிட்டது என்று மக்காவாசிகள் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் விரைந்து நடக்க உத்தரவு வந்தது. மக்கா வெற்றிக்குப் பிறகும் அந்த ஸுன்னத் நிலைத்துவிட்டது. ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு ஓட்டம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நம் இபாதத்துகளே நடக்கவும் நிற்கவும் குனியவும் தெரிந்த உடலைக் கேட்கின்றன.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணத்தில் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்து முதல் தடவை ஜெயித்தார்கள். பிறகு உடல் பெருத்த காலத்தில் நபி (ஸல்) அவர்கள் ஜெயித்து, அதற்கு இது பதில் என்று கூறி மகிழ்ந்தார்கள் (அபூதாவூத்). அஸ்மா (ரலி) அவர்கள் தொலைவிலுள்ள நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தவர்கள் (புகாரி). ஹயா என்றால் உடல் அசையாமல் மூலையில் உட்கார்ந்திருப்பது என்று நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுத் தந்தது?

குற்றம் யாருடையது?

இப்போது உண்மையைப் பேசுவோம். பிள்ளைகளைத் திட்டுவது லேசு. ஆனால் அவர்களை உட்கார வைத்தது யார்?

நாம் சின்ன வயதில் ஓடிய காலி மனைகளில் எல்லாம் கட்டடம் வந்துவிட்டது. தெருவில் பந்து விளையாடினால் கண்ணாடி உடையும் என்று விரட்டுகிறோம். மொட்டை மாடிக்குப் போனால் சத்தம் என்கிறோம். வீட்டில் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் திட்டுவார் என்கிறோம். இரண்டு வயதில் சோறு ஊட்டுவதற்கு அந்தச் செல்போனை முதலில் கையில் கொடுத்ததும் நாம்தான். பதினைந்து வயதில் பிடுங்கினால் எப்படி வரும்?

நானும் விலக்கல்ல. சென்ற வருட விடுமுறையில் நம் பள்ளிவாசல் முற்றத்தில் அஸருக்குப் பின் நாலைந்து பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். தொழுகை நேரமும் இல்லை. நான் சத்தம் போட்டு விரட்டினேன். ஓடிப்போனார்கள். அதில் இரண்டு பேர் அதன்பிறகு பல வாரம் ஜமாஅத்துக்கே வரவில்லை.

பிறகு ஒரு ஹதீஸைப் பார்க்கும்போது என்னை யாரோ அடித்ததுபோல இருந்தது. அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி வைத்து விளையாடினார்கள். உமர் (ரலி) அவர்கள் உள்ளே வந்து, பொடிக்கற்களை எடுத்து அவர்கள்மீது எறியப் போனார்கள். அவர்களை விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி). நான் மதரஸாவில் ஓதிய ஹதீஸ்தான். ஓதும்போது புரியாதது, அந்தப் பிள்ளைகளின் முதுகைப் பார்த்த பிறகு புரிந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று இங்கே இருந்தால், ஹஜ்ரத்தை மன்னித்துவிடுங்கள்.

பஜ்ரில் தொடங்குங்கள்

எல்லாம் இரவில் கெடுகிறது. இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை (புகாரி). நம் வீடுகளில் இஷாவுக்குப் பின்தான் நாள் தொடங்குகிறது.

தூங்குகிறவனின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுப் போடுகிறான். எழுந்து அல்லாஹ்வை நினைத்தால் ஒன்று, உளூச் செய்தால் ஒன்று, தொழுதால் ஒன்று அவிழும். அவன் காலையில் சுறுசுறுப்போடு இருப்பான், இல்லையென்றால் சோம்பலோடு இருப்பான் என்பது ஹதீஸின் கருத்து (புகாரி). பகல் பதினொரு மணிக்கு எழுந்து, "டயர்டா இருக்கும்மா" என்று சொல்லும் பிள்ளைக்கு வைட்டமின் மாத்திரை தேடுவதற்கு முன் அந்த மூன்று முடிச்சையும் அவிழ்த்துப் பாருங்கள்.

இந்த உம்மத்தின் அதிகாலையில் பரக்கத் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அதை அறிவிக்கும் ஸக்ர் (ரலி) அவர்கள் வியாபாரி. தன் சரக்கைக் காலையிலேயே அனுப்பி, செல்வந்தராக ஆனார்கள் (அபூதாவூத், திர்மிதி). இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆவையும் பிள்ளைகளுக்கு மனனம் செய்ய வையுங்கள்.

என்ன செய்யப் போகிறோம்?

ஒன்று: இஷாவுக்குப் பின் வீட்டில் எல்லாச் செல்போனும் ஒரே இடத்தில். அத்தாவின் செல்போனும் அதில் சேரும். நாம் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கீழே வைக்கச் சொன்னால் கேட்க மாட்டான்.

இரண்டு: பள்ளிவாசலுக்கு நடந்து வாருங்கள். எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் நன்மை உண்டு. வண்டியை வீட்டில் விடுங்கள்.

மூன்று: பஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம், அஸருக்குப் பின் மஃரிப் வரை விளையாட்டு. வெயில் ஏறிய நேரத்தில் வேண்டாம். ஓட்டம், கபடி, சிலம்பம், பந்து எதுவும் சரி. பந்தயப் பணம் கூடாது, அவ்ரத் தெரியும் உடை கூடாது, தொழுகை தவறக் கூடாது. நீச்சல் நல்ல பயிற்சி. ஆனால் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் பெரியவர் இல்லாமல் அனுப்பாதீர்கள். கோடை தவறாமல் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வருகிறது.

நான்கு: பெண் பிள்ளைகளுக்கு மாலையில் மதரஸாக் கூடத்தைத் திறந்துவிட நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன். தாய்மார்கள் உடன் இருக்கட்டும். ஸ்கிப்பிங் கயிற்றுக்குப் பெரிய செலவில்லை.

ஐந்து: வீட்டு வேலை கொடுங்கள். தண்ணீர் கேன் தூக்கட்டும், கடைக்கு நடக்கட்டும், வீடு பெருக்கட்டும். ஆண் பிள்ளைதான், அவனுக்கெதற்கு என்று சொல்லாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் (புகாரி).

ஆறு: இந்த விடுமுறையில் விருப்பமுள்ள வாலிபர்களுக்கு மையித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, கப்ர் வெட்டுவது ஆகியவற்றை நானும் நம் முஅத்தினாரும் கற்றுத் தருகிறோம். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த வாலிபர் மஹல்லாவில் நாலு பேராவது வேண்டும்.

உடல்நலக் குறைவுள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்டு அவர்களால் முடிந்ததைச் செய்யட்டும். அல்லாஹ் யாரையும் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை.

இறுதியாக

கியாமத் நாளில் ஆயுளை எப்படிக் கழித்தாய் என்று கேட்கப்படும். வாலிபமும் ஆயுளுக்குள் அடக்கம்தான். ஆனாலும் வாலிபத்தை எதில் தேய்த்தாய் என்று தனியாக ஒரு கேள்வி உண்டு (திர்மிதி). பிள்ளையிடம் அந்தக் கேள்வி வரும்போது, உன் பொறுப்பில் இருந்தவனை எப்படிப் பார்த்தாய் என்ற கேள்வி நம்மிடம் வரும். ஒவ்வொருவரும் பொறுப்பாளிகள். தந்தையும், தாயும், இந்த இமாமும்.

கடந்த சில நாட்களாக பஜ்ருக்குப் பின் நானும் என் மகனும் மையவாடி வரை நடக்கிறோம். முதல் நாள் அவனைவிட எனக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. மிம்பரில் நின்று பேசும் தொழிலும் உட்கார்ந்து ஓதும் தொழிலும் என்னையும் அப்படி ஆக்கியிருக்கிறது. அங்கே போய் ஸலாம் சொல்லி, துஆச் செய்துவிட்டுத் திரும்புகிறோம். நாளை நீங்களும் உங்கள் பிள்ளைகளோடு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உடலுக்கும் ஈமானுக்கும் பலத்தைத் தருவாயாக! சோம்பலை விட்டும் இயலாமையை விட்டும் அவர்களைக் காப்பாயாக! அவர்களுடைய ஓய்வு நேரத்தில் பரக்கத் செய்வாயாக! அவர்களிடம் நாங்கள் செய்த தவறுகளை மன்னிப்பாயாக! எங்கள் இறுதிப் பயணத்தில் எங்களைச் சுமக்கும் ஸாலிஹான தோள்களாக அவர்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.